மைனஸ் ஐந்து வாட்

2017 பிப்ரவரி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான ஃப்ளீட்வுட்டில் கிளிஃப் ஆக்டனின் வேப் கருவி, அதாவது மின்சிகரெட், பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கி மைனஸ் ஐந்து வாட்டில் ஓட ஆரம்பித்தது. அன்று காற்று மேற்கிலிருந்து வீசியது. காட் மீன் விலையில் மாற்றமில்லை. கிளிஃப் வேண்டுமென்று செய்யவில்லை. நாற்பது வருஷம் சிகரெட், அப்புறம் நாலு வருஷம் வேப் என்று ஊதித் தள்ளியவனிடம், இதையும் விடாவிட்டால் மோர்கேமில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரவே மாட்டேன் என்று மனைவி நோரீன் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவனும் செத்துப்போன தன் அம்மா மேல் சத்தியம் செய்தான்: இப்போது உள்ளே இருக்கும் பேட்டரியே கடைசி, மறுபடி சார்ஜ் போடமாட்டேன், இது தீர்ந்த அன்று நானும் விட்டுவிடுவேன்.

சத்தியம் பண்ணிவிட்டு அதில் சந்து தேடுவதில் மனுஷனை மிஞ்ச ஆளில்லை. அவனுடையது மின்னணுச் சில்லு வைத்த கருவி. எண்பது வாட் கேட்டால், பேட்டரி நிறைந்திருந்தாலும் பாதியாகியிருந்தாலும் எண்பதே கொடுக்கும்; முடியாமல் போனதும் ‘பேட்டரி பலவீனம்’ என்று திரையில் காட்டிவிட்டு ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். ஆனால் வாட்டைக் குறைத்துக் கேட்டால் சாகக் கிடக்கிற பேட்டரியும் எழுந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சநேரம் உழைக்கும் என்பது வேப் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி. கிளிஃப் எண்பதை அறுபதாக்கினான், அறுபதை இருபதாக்கினான், மீன் சந்தையில் பேரம் பேசுவது போல இறங்கி இறங்கி ஒரு வாட்டுக்கு வந்தான். அதற்கும் பலவீனம் என்றது. வயிற்றெரிச்சலில் கீழ்ப் பொத்தானை ஆறு தடவை குத்திவிட்டு இழுத்தான். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. ஜன்னல் திரையில் நாற்பது வருஷமாக ஊறிக் கிடந்த சிகரெட் புகை நூல்நூலாகப் பிரிந்து கருவிக்குள் போயிற்று. பேட்டரி நாலு சதவீதம் ஏறியது.

லார்டு தெருவில் வேப் கடை நடத்திய ஜனீன், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சில்லு மேல தப்பில்ல கண்ணு. கம்மியா குடு, இன்னும் கம்மியா குடுன்னு நீதானே கேட்ட. அது திருப்பி எடுத்துக்க ஆரம்பிச்சிருச்சு” என்றாள். கிளிஃபுக்கு அது நியாயமாகவே பட்டது. ஈஸ்டருக்குள் வீட்டுச் சுவரெல்லாம் வெளுத்தது. மே மாதத்துக்குள் ஊரிலுள்ள ஆறு பப்புகளின் பழுப்பேறிய கூரைகளிலிருந்த புகையை இழுத்து முடித்தான். கூரைக்கு இரண்டு கிளாஸ் பீர் என்பது வழக்கமாயிற்று. பேட்டரி நூறைத் தாண்டி அறுநூற்று நாற்பது சதவீதத்துக்கு வந்தது. நோரீன் மட்டும் மசியவில்லை.

“திரையெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு, சந்தோஷம். அந்தச் சனியன் எப்ப தீரும்?”

“நான் சார்ஜே போடலியே நோரீன். சத்தியத்தக் காப்பாத்திட்டுதானே இருக்கேன்.”

“வக்கீல் மாதிரி பேசாத. ஜூன் முப்பது வரைக்கும் பாப்பேன். தங்கச்சி கட்டில் கூடப் போட்டுட்டா.”

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, வீட்டில் மிச்சமிருந்த ஒரே புகையையும் கிளிஃப் இழுத்தான். அது அவளுடைய அப்பா வில்ஃப் டாம்லின்சனின் நாற்காலியில் ஊறியிருந்த பைப் புகை. வில்ஃப் ஐஸ்லாந்து வரை போய் மீன் பிடித்த கப்பலின் தலைவர். மருமகனை முப்பது வருஷம் ‘அந்தப் பய’ என்றே அழைத்தவர். செத்துப் பதினோரு வருஷம். அந்த இழுப்பில் பழைய கடுப்பும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. திரும்பி வந்த நோரீன், ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுபோல நாற்காலி முதுகில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

“அவர் வாசனை ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருந்துச்சு” என்றாள். “அப்பாவத் திருப்பிக் குடு. அப்புறம் நான் போறேன்.”

உள்ளே போனது எல்லாம் கலந்திருக்கும், முழுசாகக் காலிபண்ணினால்தான் உண்டு என்றாள் ஜனீன். கிளிஃப் கடற்கரையில் நின்று எண்பது வாட்டில் ஊத ஆரம்பித்தான். ஆறு பப்புகளின் புகையும் மூன்று நாள் ஐரிஷ் கடல் பக்கமாகப் போயிற்று. படகு ஓட்டிகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வில்ஃப் வரவில்லை. அவர் எதற்கும் கடைசியில் கிளம்புகிறவர். நாலாம் நாள் ஒரு சதவீதம் மிஞ்சியபோது கிளிஃப் வீட்டுக்கு வந்து நாற்காலி முன் உட்கார்ந்தான். எண்பதுக்குப் பலவீனம் என்றது. இறக்கினான். ஐந்து வாட்டில் செர்ரி மணமுள்ள பைப் புகை வந்தது. முப்பது வருஷம் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள மனமில்லாத மாமனாரை இப்போது நெஞ்சுக்குள் இழுத்து, கொஞ்சநேரம் வைத்திருந்து, பதமாக வெளியே விடவேண்டியிருந்தது. தொப்பி வந்தது, மூக்கு வந்தது, வழக்கமான அந்த இருமல் வந்தது. ஒரு வாட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே இன்னும் பாக்கி. கட்டைவிரல் கீழ்ப் பொத்தான் மேல் இருந்தது. இன்னும் இரண்டு குத்து குத்தினால் மறுபடி மைனஸ், ஆயுசுக்கும் பேட்டரிக்குப் பஞ்சமில்லை. நோரீன் கதவருகே நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிஃப் விரலை எடுத்துவிட்டு, ஒன்றிலேயே கடைசி இழுப்பை இழுத்தான். பூட்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. திரை அணைந்தது.

வில்ஃப் நாற்காலியில் சாய்ந்து, “அந்தப் பய இன்னும் இங்கதான் இருக்கானா?” என்று கேட்டார். “இருக்காருப்பா” என்று நோரீன் சொன்னாள். பிறகு கெட்டிலைப் போடப் போனாள். மூன்று கோப்பை எடுத்தாள்.

செப்டம்பரில் டாக்டரின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்து, வருஷா வருஷம் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: வீட்டில் யாராவது புகைக்கிறார்களா?

“என் வீட்டுக்காரர் விட்டுட்டாரு” என்றாள் நோரீன். “இப்ப எங்கப்பா மட்டும்தான்.”

நர்ஸ் வில்ஃபின் பிறந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, புகையை விடுவதற்கான ஆலோசனைக்கு அவருக்கு வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நேரம் கொடுத்தாள்.