க்ராஸ்த்யோ தலையாட்டிய விதம்

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், க்ராஸ்த்யோ வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து எட்டு மணிச் செய்தி முடிவதற்குள் ஒரு முறம் புழுதி கொட்டிவிடும். குண்டு விழுந்த கட்டடங்களின் புழுதிதான். கிழக்கே நடக்கும் போர் என்றால் சாம்பல் நிறம், தெற்கே என்றால் வெளிர் மஞ்சள். பழைய பெட்டித் தொலைக்காட்சி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அதற்கும் முன்னால், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில், அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த வானொலியிலிருந்து கைதட்டல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெடித்த அணு உலையின் நச்சு மேகம் எங்கள் தலைக்கு மேல் போன வசந்தத்திலும் அதே கைதட்டல்தான். நாங்களும் நிம்மதியாகக் கீரை பறித்துத் தின்றோம். தட்டைத் திரையை விற்ற கடைக்காரன், "உலகமே உங்க வீட்டுக்குள்ள வந்துடும்" என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை.

முதல் மாதம் க்ராஸ்த்யோவும் அவன் மனைவி ஸ்லாட்காவும் அழுதார்கள். இரண்டாம் மாதம் நல்ல துடைப்பமாக ஒன்று வாங்கினார்கள். அணைத்துவிடேன் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். "நான் அணைச்சா அங்க சண்டை நின்னுடுமா? அதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல பேசறதுக்கு யாரு இருக்கா?" என்றாள் ஸ்லாட்கா. மகள் ஸ்பெயினுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. அவள் கட்டிலில் விரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ம்லாதென் அந்தப் புழுதியை வாங்கிப்போய்த் தக்காளிப் பாத்தியில் போட்டான். "எந்த ஊர் மண்ணுன்னு கேக்காம சாப்பிடு, நல்லா காய்ச்சிருக்கு" என்று எங்களுக்கும் கொடுத்தான். சாப்பிட்டோம். நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, மரத்துப்போனவர்கள். மரத்த காலும் கால்தானே.

போன மார்ச் மாதம் புழுதியோடு ஒரு பெண் வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, தோளில் தூங்கும் குழந்தை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஸ்லாட்கா அவரைக்கொட்டை சூப் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை விழித்து, ஊதி ஊதிக் குடித்தது. பிறகு அந்தப் பெண் மகளின் அறையைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தாள். இங்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். க்ராஸ்த்யோ எழுந்து நின்றான். தலையை இடமும் வலமுமாக, பலமாக, திரும்பத் திரும்ப ஆட்டினான். ஸ்லாட்காவும் அழுதபடி ஆட்டினாள். எங்கள் நாட்டில் அப்படி ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால்தான் இல்லை. மற்றவர்களுக்கு அது நேர்மாறு என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, திரைக்குள் ஏறிப் போய்விட்டாள். ஸ்லாட்கா ஓடிப்போய்க் கை வைத்தபோது அது வெறும் கண்ணாடியாக இருந்தது. பிறகு வானிலை சொன்னார்கள்.

"ஏ மனுஷா, நம்ம தலையாட்டல் அவளுக்கு எப்படித் தெரியும்? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீயும்தான ஆட்டுன."

அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. க்ராஸ்த்யோ மட்டும் மேலும் கீழும் ஆட்டப் பழகிக்கொண்டான். செய்தி தொடங்கியதும் திரை முன் உட்கார்ந்து, மந்திரி முகமானாலும் ஷாம்பு விளம்பரப் பெண்ணானாலும் ஆட்டுகிறான். பழக்கம் கழுத்தில் ஏறிவிட்டது. ரொட்டி வேண்டுமா என்று கடைக்காரி கேட்டால் அப்படியே ஆட்டுகிறான், அவளும் ரொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறாள். ஆள் பாதியாகிவிட்டான்.

நேற்று போயிருந்தேன். "கடைத்தெருவுலயாவது ஒழுங்கா ஆட்டித் தொலையேன்டா" என்றேன்.

"மறந்துட்டேன்னா? அவ மறுபடி வர்ற அன்னிக்குப் பாத்து மறந்துட்டேன்னா?"

செய்தி ஆரம்பித்தது. அன்று மஞ்சள் புழுதி. ஸ்லாட்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் மேலும் கீழும் ஆட்டினாள். பிறகு நானும் ஆட்டினேன். கழுத்து வலித்தது.