ஏஞ்சல், ஆங்கிள், அவர்

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நேற்று கடையில் ஒரு பால் டின்னில் இங்கிலீஷில் 'டெய்ரி' என்றிருந்ததை 'டயரி' என்று வாசித்தேன். திருத்துவதற்கு அருகில் ஆள் இல்லை.

2
தொடக்கம்: மூணாறு எஸ்டேட்டில், தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க்கு எழுதும் ஒருவர் இருந்தார். அவர் பெயர்

(நிற்கட்டும். கணவர் பெயரை நான் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. அதில் பாதி ஒட்டிய சொற்களையும் தொடுவதில்லை. அதனால், இங்கே சுற்றி நிற்பவற்றை எல்லாம் 'மேடு' என்றே சொல்லி வருகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.)

3
பெட்டிகளில் தோட்டத்தின் பெயரையும் எண்ணையும் இங்கிலீஷில் எழுதி எழுதி, அவருக்கு அந்தப் பாஷை மேல் பைத்தியம். ஏஞ்சல் தேவதூதன், ஆங்கிள் மூலை. எழுத்துகள் அதே, கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கும்.

"ஒரே மூஞ்சியில ரெண்டு சொல்ல எதுக்கு வச்சான் வெள்ளக்காரன்? எழுத்துக்குப் பஞ்சமா?"

"என் பேரு ஒட்டுன சொல்ல எல்லாம் மோப்பம் புடிச்சு ஒதுக்குறவ நீ. உனக்கா இது கஷ்டம்? மறுபடி படி, ஏளா."

"சோறு குழையுது!"

"குழையட்டும். இது எது? தூதனா, மூலையா?"

4
சம்பள நாளில் எஸ்டேட் ரைட்டர் மத்தியாஸ் வேண்டுமென்றே கேட்பார்: "புருஷன் பேரென்ன?"

வழக்கப்படி, வரிசையில் பின்னால் நிற்பவள் எனக்காகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் சீறுவாள்: "அழகுமலை! தெரிஞ்சுக்கிட்டே கேக்கீரே, ஒம்ம மூளையக் கரையான் அரிச்சிட்டா?"

(அது சுருளியம்மாளின் வாய். என் கணக்கில் சேராது.)

5
பெருவெள்ளத்தில் மண் சரிந்து எங்கள் லைன் வீடுகளை மூடியது. மத்தியாஸ் கீழே ஊரில் அகப்பட்டிருந்தார். மீட்புக்கு வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், புதைத்த குழிகளின் தலைமாட்டில் பலகை நட்டார். "இவரு பேரென்னம்மா?"

பின்னால் திரும்பினேன். அடுத்த குழி சுருளியம்மாளுடையது.

முடிவு அ: வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். (பொய்.)

முடிவு ஆ: குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டி (இதுவும் பொய். நல்ல கதையாக இருந்திருக்கும்.)

நடந்தது: ஆயிரம் பெட்டிகளுக்கு மார்க்கு எழுதியவரின் பலகை வெறுமையாக நின்றது. அடுத்த மழை அதையும் கொண்டுபோயிற்று. எல்லாச் சொல்லையும் பிரித்தறியச் சொல்லிக்கொடுத்த மனிதர், இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாரா?

6
இப்போது என் பின்னால் நிற்பது நீங்கள்தான். சுருளியம்மாள் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். மனதுக்குள் வாசித்தால் போதாது. நான் இரண்டாம் பகுதியில் விட்ட வாக்கியத்தை மறுபடி தொடங்குகிறேன், சத்தமாக முடியுங்கள்.

மூணாறு எஸ்டேட்டில், தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க்கு எழுதும் ஒருவர் இருந்தார். அவர் பெயர்