விடாத லாக்

“மாமா, திரும்புறப்ப மட்டும் ஜீப் ஏன் தத்துது?” பழைய ஜீப்பை வாங்க வந்தவரின் மகள் முன்பு ஒருநாள் கேட்டாள். “பழைய வண்டி அப்படித்தான்டா செல்லம்” என்று வண்டியைச் சோதித்துச் சொல்ல வந்த மெக்கானிக் சிரித்தார். அடுத்த மழையில், மலை வளைவில் அவர்கள் வாங்கிய அந்த ஜீப் திரும்பாமல் நேரே போனது. அவள் பிழைக்கவில்லை. அதன்பின் எந்த ஜீப் திரும்பினாலும் அவருக்கு அந்தக் குரல் கேட்கும்.

இன்று ஒரு நர்ஸ் வாங்கவிருந்த ஜீப்பிலும் கேட்டது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டிய மற்ற சக்கரமும் கூடவே அதே பக்கம் சுற்றியது.

“ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுற டிஃபரன்ஷியல் லாக்கை எடுத்துட்டேனே அண்ணே?” என்றார் ஓட்டிப் பார்த்த நர்ஸ்.

“லிவர்தாம்மா இறங்கியிருக்கு. கேபிள் துருப்பிடிச்சு, உள்ள லாக் விடல, வளைவுல திரும்பாம நேரா போயிடும். இது வேண்டாம்மா.”

நர்ஸ் போய்விட்டார்.

“என் வயித்துல அடிச்சிட்டியே, நல்லா இருப்பியா!” என்று ஜீப்பை விற்பவர் கத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

மெக்கானிக் தனியாக வண்டிக்கடியில் படுத்து, தன்னிடமிருந்த புதுக் கேபிளை மாட்டினார். சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றின. கண்மூடிக் கைகூப்பினார். விற்பவர் திரும்பியபோது, காசு கேட்காமல் சாவியை நீட்டினார்.