கீழே விழாத வளைவு

தூண்டில் கடைத் தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேற்று நாட்டில், கடையின் பின்முற்றத்தில் நின்று அவன் வீசிய முதல் நூல் தரையில் விழுந்தது. நூலில் உண்டான வளைவு மட்டும் விழவில்லை. கதவளவு அகலத்தில், கண்ணாடி விளிம்பு போல் லேசாக மின்னிக்கொண்டு தலைக்கு மேலே நின்றுவிட்டது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், காதோரம் சொறிந்துகொண்டார், கல்லாவுக்குப் போய்விட்டார். மறுநாள் இன்னும் சில சேர்ந்தன.

அந்தக் கடையில் வீசிக் காட்டினால்தான் தூண்டில் கோல் விற்கும். நூல் முனையில் இருப்பது மீனை ஏமாற்ற இறகில் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது, எடையெல்லாம் நூலில்தான். கோலைப் பின்னால் இழுத்து முன்னால் கொண்டுவரும்போது நுனி நேர்கோட்டில் ஓடி, சட்டென்று நிற்க வேண்டும். அப்போது கீழ்ப்பாதி நூல் சும்மா கிடக்க, மேல்பாதி வளைந்து அதைத் தாண்டி உருண்டு ஓடும். ஓட ஓட மிச்ச நூல் குறையும், குறையக் குறைய வேகம் பிடிக்கும். வளைவு ஒடுங்கினால் தூரம் போகும். தம்பியின் கையோ நிற்கவே நிற்காது. விமான நிலையத்தில் அம்மாவுக்குக் காட்டிய கையசைப்பு அதிலேயே தங்கிவிட்டிருந்தது. கோல் வானத்தில் அரைவட்டம் போடும். வளைவு வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிடும்.

அதே கடையில் கோல்களுக்கு நூல் ஓடும் வளையம் வைத்துக் கட்டுகிறவள் அவன் அக்கா. முதலாளியிடம் பேசி அவனை வரவழைத்ததும் அவள்தான்.

"ஏன்டா, மீனைப் பஸ் ஏத்தி விடுறியா? கையை ஆட்டிக்கிட்டே நிக்கிற."

"நிறுத்தினா நூல் பொத்துனு விழுந்துடுமோனு பயமா இருக்குக்கா."

"இப்ப மட்டும் ஆத்தைத் தாண்டுதாக்கும்."

கடைக்காரர் கெட்டவரல்ல. ஆற்று மீன்பிடிச் சங்கத்துக்காரர்கள் மொத்தமாகக் கோல் வாங்க வரும் சனிக்கிழமை அவன் வீச்சு தேறாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மட்டும் சொன்னார். வேலை போனால் விசா போகும். அக்கா மறுபடியும் தனியாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

தம்பி விடாமல் பழகினான். முற்றம் வளைவுகளால் நிரம்பியது. பக்கத்துச் சலவைக்கடைக்காரர் அவற்றில் சட்டைகளை மாட்டினார். பூனையொன்று ஒன்றில் சுருண்டு தூங்கியது. சனிக்கிழமை காலை பார்த்தால், நெற்றி உயரத்தில் கையகல இடுக்கு மட்டுமே மிச்சம்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப ஆட்டு பார்ப்போம். ஆட்ட இடமிருக்கா உனக்கு?"

சங்கத்துக்காரர்கள் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். கோல் பின்னால் போய், இடுக்கு வழியே முன்னால் வந்தது. வட்டம் போட வழியில்லை. நேராக ஓடி, பழைய வளைவொன்றின் விளிம்பில் டக்கென்று இடித்து நின்றது. நூலில் கொண்டை ஊசி போல ஒடுங்கிய வளைவொன்று பிறந்தது. நூல் முழுக்க விரிந்து மதில்மேல் படிந்தது. வளைவு அதை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சலூன்கடைப் பலகையை ஆட்டி, பாலத்தின் கீழே நுழைந்து, ஆற்றோடு திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது. சங்கத் தலைவர் அந்தக் கோல்தான் தனக்கு வேண்டும் என்றார். மற்றவர்களும் அதையே கேட்டதில் சிறு சண்டை வந்தது. கடைக்காரர் தம்பியின் முதுகில் தட்டி, திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார்.

அன்று மாலை ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். என்னமோ விர்ருனு போச்சுடா, கொண்டையே அவுந்துடுச்சு. நீயா?"

"நான்தாம்மா."

"சரி, சாப்டியா?"

அந்த வளைவு இன்றும் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடை வாசலை அது தாண்டும் நேரம் பார்த்து அக்கா தேநீர் போடுகிறாள். தம்பி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக் குடிக்கிறான். உங்கள் பக்கம் வந்தால், மாடியில் நிற்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். பிடித்துப் பார்க்க வேண்டாம்.