பாதரசத்துக்கு ஒரு திறப்பு விழா

"காற்றுக்கு எல்லை இல்லை. ஒரு கண்டம் விட்ட நஞ்சை இன்னொரு கண்டத்துக் குழந்தை மூச்சாக வாங்குகிறது. மானுடத்தின் மனசாட்சியே இன்று ஆகாயத்தில் மிதக்கிறது!"

காற்று ஆய்வாளர் டாக்டர் பழனியப்பன் இப்படித் தொடங்கியபோது விழாக் கூடாரத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மனசாட்சி மிதக்கும் இடத்தில் மைக் கரகரத்தது. பாதிப் பேர் சாப்பிட மீகூன் நூடுல்ஸ் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சிலிம் ரிவர் ஊருக்கு அப்பால், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம் அது. மிஞ்சிய பதினொரு லயத்து வீடுகளுக்குப் பின்னால், முன்பு ரப்பர் ஷீட் காய்ந்த புகைக்கூடத்தில் இப்போது பழைய குழல்விளக்குகளை உடைக்கிறார்கள். அதற்கு அடுத்த வீடு சரளாவுடையது. அவளுக்கு அப்போது மூன்று மாதம். புந்தோங்கிலிருந்து நாத்தனார் தினமும் போன் போட்டாள்: "புள்ள பொறக்கற வரைக்கும் இங்க வந்துருலா." போகலாம். ஆனால் காலி செய்த லயத்து வீட்டை நிர்வாகம் யாருக்கும் திருப்பித் தந்ததில்லை.

டாக்டர் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் சரளா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உடையும் விளக்கிலிருந்து பாதரசம் ஆவியாகக் கிளம்பும். கொஞ்சம் மாதக்கணக்கில் மிதந்து கடல் தாண்டும். மிச்சத்தை இந்த ஊர் வெயிலில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் இலைகள் உறிஞ்சும். இலை உதிரும், மழை ஆற்றில் சேர்க்கும், சேற்றில் இன்னும் கொடிதாகி மீனுக்குள் ஏறும். மரத்தில் தொங்கப்போகும் வெள்ளைக் குப்பி அந்த ஆவியைப் பிடித்து, எவ்வளவு என்று சொல்லிவிடும்.

எண் வரட்டும், முடிவு செய்யலாம் என்று இருந்தாள் சரளா.

சட்டமன்ற உறுப்பினர், ஊர் வழக்கில் ஒய்.பி., ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, படம். குப்பிக்கும் சந்தனம் வைத்தார்கள். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதால் ஒய்.பி. பாதியில் கிளம்பினார். பிறகு மீகூன்.

மூன்று மாதம் சரளா குப்பியைக் காவல் காத்தாள். மழை பெய்த நாளையெல்லாம் தாளில் எழுதினாள். பிறகு எண் வந்தது: வெப்பமண்டலத்திலேயே மிகக் குறைவு. ஈப்போ ஹோட்டல் கருத்தரங்கில் டாக்டர் அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கோயில் தலைவர் பத்துமலை 'உலகின் தூய்மையான காற்று' என்று பேனர் கட்டினார். சரளா நாத்தனாரிடம் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆற்றுக் கெளுத்தியைக் குழம்பு வைத்தாள். வாரம் இரண்டு முறை வைத்தாள்.

வெற்றியைத் தொடர இரண்டாவது குப்பி. மறுபடி கூடாரம். சரளாவுக்கு ஏழு மாதம். டாக்டரின் உதவியாளன் ரூபன் நாற்காலி போட்டுக்கொண்டே நிகழ்ச்சி நிரலைப் படித்தான்.

"ஆறு, பொன்னாடை. ஏழு, ஒய்.பி. உரை. எட்டு, ஒய்.பி. குப்பியின் அடிமூடியைக் கழற்றுவார்."

"மூடியா?" என்றாள் சரளா. "போன தடவை அதைக் கழட்டவே இல்லையே தம்பி."

ரூபன் குரலைத் தாழ்த்தினான். "ஒய்.பி. ஏழாவதோட கிளம்பிட்டார்லா அக்கா."

"அப்ப காத்து எப்படி உள்ள போச்சு?"

"லேப்லயும் அதைத்தான் கேட்டு எழுதியிருந்தாங்க. டாக்டர் நம்பரை மட்டும் பார்த்தாரு."

சரளா டாக்டரிடம் போனாள். "நீங்க கழட்டியிருக்கலாமே சார்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஒய்.பி. பேர் போட்டு அச்சடிச்சாச்சுமா. நான் கை வெச்சா நல்லா இருக்காது."

"பத்துமலை அண்ணே, நீங்க?"

"டாக்டரே தொடாததை நான் எப்படிமா தொடறது?"

"அப்ப அந்த நம்பர்?"

"அது..." டாக்டர் பேனரைப் பார்த்தார். "குப்பிக்குள்ள இருந்த காத்துக்குச் சரி."

புகைக்கூடத்தில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. சரளா வயிற்றில் கை வைத்து நின்றாள். பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தாள்: "அண்ணி, இன்னிக்கே வாரேன். வீடு போனா போகட்டும்."

போனை வைத்துவிட்டு மேசைக்குப் போய், பொன்னாடைக்கு நடுவில் இருந்த குப்பியை எடுத்தாள். "ஒய்.பி. வரட்டும்மா!" என்றார் பத்துமலை.

கருவி எதுவும் தேவைப்படவில்லை. மூடி இரண்டு சுற்றில் கழன்றது.