தைலம் பூசிய கை

நான்காம் இயலின் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, என் நெறியாளர் தர்மராஜ் சார் தாள்களை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். இது ஐந்தாவது முறை. முதல் முறை பதறினேன், இரண்டாம் முறை விளக்கினேன். இப்போது அந்தச் சிவப்பு மையைப் பார்த்தாலே எரிச்சல்தான் வருகிறது. பெரம்பலூரில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நாலரை வருடம் ஆகிறது. மாதக் கடைசிக்குள் நெறியாளர் கையெழுத்தோடு ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அவர் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அந்த ஒரே ஒரு வரி.

இயேசுவின் சீடர்கள் வேறு சிலரின் தலையில் கை வைத்தார்கள், அவர்கள் அடுத்தவர் தலையில் வைத்தார்கள், அப்படியே அறுபடாமல் வந்து அந்தக் கை இன்றைய ஆயர், அதாவது பிஷப், தலையிலும் இருக்கிறது என்பது எங்கள் கத்தோலிக்க நம்பிக்கை. திருத்தூதர் வழிமரபு என்பார்கள். ஆனால் ரோம் நகர ஆயர்களின் முதல் பட்டியல் நமக்குக் கிடைப்பது, அங்கே முதல் ஆயர் என்று சொல்லப்படும் பேதுரு இறந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான். நடுவில் என்ன நடந்தது என்று அறிஞர்கள் எழுதியதையெல்லாம் வாசித்து, நாற்பத்திரண்டு பேரை ஒரு அட்டவணையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார், அல்லது எங்கும் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள், அவருடைய முடிவு என்ன என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். முப்பத்தெட்டு பேர் விஷயத்தில் தப்பவில்லை. இத்தனை பேருக்கும் ஆதாரம் அதே நாலு பக்கம். எனவே இயலை இப்படி முடித்தேன்: 'இந்த நூறு ஆண்டுகளில் நடந்தது நமக்குத் தெரியாது. சான்று இல்லாதது எதற்கும் சான்று ஆகாது.'

சாருக்கு அது போதவில்லை. எல்லாம் பிற்காலத்தில் கட்டிச் சொன்ன கதை என்று எழுதச் சொல்கிறார். அவர் பகுத்தறிவுக்காரர். தன் கல்யாணத்தில்கூட ஐயரை உள்ளே விடாதவர் என்று துறையில் சொல்வார்கள்.

"உங்க வூட்டுலயே ஒருத்தர் சாமியாராகப் போறாரு. உங்களால நடுநிலையா எழுத முடியாதும்மா," என்றார்.

நாற்பத்து மூன்றாவது ஆளாக அவரையும் அட்டவணையில் சேர்த்துவிடலாம் போலிருந்தது.

மறு பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அங்கே பங்குச்சாமியார் அந்த இயலை வாங்கிப் படித்துவிட்டு, இது குருட்டு நாத்திகம் என்று வருத்தப்பட்டார். நாத்திகம் இல்லை சாமி, தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். தெரியாதுன்னு எழுதறதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம் என்று கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அது நியாயமான கேள்விதானோ என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

என் தம்பி செல்லதுரைக்கு அந்தச் சனிக்கிழமை குருப்பட்டம். எங்கள் தெருவிலிருந்து சாமியாராகும் முதல் ஆள் அவன். அம்மா ஒரு பத்திரிகையைத் தனியாக மஞ்சள் தடவி எடுத்து வைத்திருந்தாள். அது தர்மராஜ் சாருக்கு. அம்மாவின் அப்பா உடையார்பாளையம் பக்கம் சாருடைய தாத்தாவின் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். குடிக்கத் தண்ணீர் கேட்டால் எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவார்களாம், குனிந்து கையேந்த வேண்டுமாம். நான் சாரிடம் சேர்ந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். சாருக்குத் தெரியுமோ என்னவோ.

"நேர்ல போயிக் குடு. புதுச்சாமி கைய முத்தி செய்ய எல்லாரும் வரிசைல நிப்பாங்கள்ல, அவரும் நிக்கட்டும்," என்றாள் அம்மா. புதுச் சாமியாரின் தைலம் பூசிய கைகளை முத்தமிடுவதைத்தான் முத்தி செய்வது என்போம். எனக்கு அவள் மீதும் எரிச்சல் வந்தது. கையெழுத்துக்குக் காத்திருக்கிறவள் நான்.

சார் வந்தார். வெள்ளைச் சட்டையில், கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கடைசிப் பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் துரையின் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு வந்திருந்த சாமியார்கள் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நான் அந்த நூறு வருடத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியவள், அழுதுகொண்டிருந்தேன். பிறகு அவன் உள்ளங்கைகளில் தைலம் பூசினார்கள். லீவில் வந்து கரும்பு வெட்டியபோது அரிவாள் பட்ட தழும்பு இடது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. அதன் மேலும் பூசினார்கள்.

பூசை முடிந்ததும் வரிசை தொடங்கியது. அம்மா முதல் ஆள். மகனின் கைகளை முத்தி செய்துவிட்டு, தூணோரம் போய் நின்றுகொண்டாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஊர்க்காரர்கள், மேலத்தெருக்காரர்கள், பஞ்சாயத்துத் தலைவர் என்று எல்லோரும் குனிந்தார்கள். எனக்கு முன்னால் சார். துரை இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். சார் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளை நெஞ்சுக்கு நேராகக் கூப்பி, நன்றாகத் தலை தாழ்த்திக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

போகிறபோது என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அந்த வரி அப்படியே இருக்கட்டும்மா. திங்கக்கெழம கொண்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

நாலரை வருடமாகக் காத்திருந்த வார்த்தை. தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. அவர் ஏன் தொடவில்லை? பகுத்தறிவுக்காரர் சாமியார் கையை முத்தி செய்வாரா? அப்படியானால் பிடித்துக் குலுக்கியிருக்கலாமே. நாலரை வருடத்தையும் அங்கேயே நின்று புரட்டினேன். என் தாள்களை எப்போதும் மேசையில் தள்ளுவாரே தவிரக் கையில் கொடுத்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் தள்ளுவார். ஒருமுறை என் டப்பாவிலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். என் டப்பாவா, என்னோடு ஆய்வு செய்யும் பூங்குழலியின் டப்பாவா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சான்று இல்லாதது எதற்கும் சான்று ஆகாது. எழுதியவள் நான்தான். அந்த வரியின் மீது எனக்கு அப்போது வந்த கோபம் சிவப்பு மையின் மீதுகூட வந்ததில்லை.

அவருக்காக நீட்டிய கைகளைத் துரை இன்னும் மடக்கவில்லை. தழும்பில் தைலம் மினுங்கியது. குனிந்து முத்தி செய்தேன். நிமிர்ந்தபோது, "ஏன்டா அவரு தொடல?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலக்கா," என்றான்.

தூணோரம் அம்மாவைத் தேடினேன். அவள் அங்கே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் வாசல் வரை நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றுகொண்டிருந்தாள்.