மாசிலாமணி அடித்த என் விசில்

கச்சேரியில் வைத்துப் பதிவு செய்த ரெக்கார்டை யார் எங்கே போட்டாலும், அன்றைக்குக் கைதட்டியவர்கள் அங்கே போய்த் தட்டிவிட்டு வர வேண்டும். காதுக்குள் ஊசி கீறும் சத்தம் கேட்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தால் அந்த வீடு.

‘ஊதாக் குதிரை’ பேண்டின் ரெக்கார்டுக்காக நானூறு பேர் அப்படிப் போய்வந்தார்கள். நான் போகவில்லை. பெரம்பூர் மண்டபத்தில் அந்தக் கச்சேரி நடந்தபோது லாரியிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி இறக்கியவன் நான். டெஸ்மண்டின் கிட்டார் பாட்டை விட்டு எங்கேயோ போய்ப் பதினெட்டு நிமிஷம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு விரலை மடித்து ஒரு விசில் அடித்தேன். திரும்பி வந்துவிட்டது. விரல் வாயில் இருந்ததால் நான் கைதட்டவில்லை. ரெக்கார்டு உறையில் ‘விசில்: மாசிலாமணி’ என்று போட்டார்கள். பக்கத்தில் நின்றவன். பேர் கேட்டு வந்தவரிடம் முந்திக்கொண்டவன்.

உறையில் பேர் இருந்ததால் நாற்பத்தைந்து வருஷமாக அவன் ஜப்பான் பார்த்தான், ஜெர்மனி பார்த்தான். அங்கெல்லாம் என் விசிலை அடித்தான். நான் வியாசர்பாடியைத் தாண்டவில்லை.

இந்தச் சித்திரையில் அதே மண்டபத்தில் இரண்டாவது ரெக்கார்டுக்குக் கச்சேரி வைத்தார்கள். பேண்டில் நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. விளக்கு ஊதாவாகிப் பச்சையானது. எல்லோரும் நாற்காலியை விட்டு ஒரு சாண் மேலே மிதந்தோம். டெஸ்மண்ட் கண்ணை மூடினார். கிட்டார் கிளம்பிவிட்டது.

மாசிலாமணி விரலை வாயில் வைத்தான். பல் செட்டுதான் வெளியே வந்தது.

கிட்டார் திரும்பவில்லை. ஞாயிறு போய்ப் புதன் வந்தது. வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டோம். டெஸ்மண்டின் சுண்டுவிரல் தேய்ந்து பாதியாகியிருந்தது.

“தணிகா, ஒண்ணே ஒண்ணு அடிச்சி வுடுப்பா. மனுசன் தேயறாரு” என்று என்னிடம் வந்தான் மாசிலாமணி.

“உன் பேரு தானேடா போட்டிருக்கு? நீயே அடி.”

“பல்லு இல்லப்பா.”

“ஜப்பான்ல இருந்துச்சா?”

அவன் பல் செட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னா செய்யணும்ன்ற இப்போ?”

“மைக்ல சொல்லு.”

மேடை ஏறினான். “அன்னிக்கு விசிலு அடிச்சது தணிகாசலம். நான் வாழைப்பழம் துன்னுக்கினு இருந்தேன்” என்றான்.

அடித்தேன். மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் ஒருமுறை எதிர்ப்பக்கம் சுற்றின. கிட்டார் எங்கிருந்தோ ஓடிவந்து பாட்டின் நடுவில் குதித்தது! நானூறு பேரும் கீழே இறங்கி நின்று தட்டினார்கள். எனக்கு இருபது வயசு போல இருந்தது.

புது ரெக்கார்டு வந்தது. உறையில் ‘விசில்: தணிகாசலம்’. புதுச் செருப்பு வாங்கினேன். ஜெர்மனியில் குளிருமென்று ஒரு ஸ்வெட்டரும் வாங்கி, வீட்டிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கும்போது காதுக்குள் ஊசி கீறியது. வாயைக் கொப்பளிக்கக்கூட இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மாசிலாமணி வீடு.

“வா தணிகா” என்றான். “வந்த ரெக்கார்டு மொத்தமும் நானே வாங்கிட்டேன்.”

கட்டிலடியிலும் அடுப்படியிலும் நானூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாட்டில் என் இடம் வந்ததும் அடித்தேன். நல்ல விசில். நான் கிளம்புவதற்குள் அவன் அதே ரெக்கார்டில் இன்னொன்றை எடுத்துப் போட்டான். கதவு திறந்தது. ஸ்வெட்டரோடு இன்னொரு தணிகாசலம் உள்ளே வந்தான். அவனுக்கும் மாசிலாமணி மேல் கோபம் ஆறவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நகர்ந்து இடம் விட்டேன்.